கடுக்கனின் வலது காது

தென்காசியில கேமரா வச்சிருக்கவன்ல பாதிப் பேருக்கு மேல கூறு கெடயாது. அதுல முதல் ஆளு நான்தான், அதையும் முதல்லயே சொல்லிருதேன். பேரு இசக்கிதுரை. பட்டாளத்துல இருபத்திநாலு வருசம் சர்வீஸ் போட்டு, ரிட்டயர்டு ஆயி, மேலகரத்துல வீடு கட்டி உக்காந்தவன். பட்டாளத்துல எத்தனையோ பேரைக் கோட்டிக்காரப் பயலேன்னு ஏசியிருக்கேன். அந்த ஏச்சு பூராவும் திரும்பி எனக்கே வந்து சேர ஒரு கேமரா போதுமாயிருந்துது.

எங்களுக்கு ஒரு குரூப்பு உண்டு. 'சாரல் போட்டோ வட்டம்'னு பேரு. ஞாயித்துக்கிழமை காலையில டீக்கடையில கூடுவோம். கூடிக் காட்டுக்குப் போவோமான்னு கேட்டா, அதெல்லாம் கெடயாது. கேமராவை மேசை மேல வச்சிட்டு, சீர்வரிசையை எடைபோடுத சம்பந்தக்காரன் மாதிரி ஒருத்தன் சாமானை ஒருத்தன் பாப்போம். சீசன் வந்தா ஐந்தருவிக்குப் போயி தண்ணியைப் பால் மாதிரி வழுவழுன்னு எடுத்துப் போடுவானுவ. குரங்கு வடை தின்னுததை எடுத்துப் போட்டு 'வைல்டு லைஃப்'ம்பானுவ. வடை தின்னுத குரங்கு வைல்டு லைஃபுன்னா எங்க டீக்கடையே சரணாலயந்தான்.

இந்தக் கூட்டத்துக்கு வாத்தியாரு செந்தில்வேல். தென்காசியில கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்கான். பய கெட்டவன் இல்ல. ஆனா கல்யாண மண்டபத்தைத் தவிர உலகத்துல வேற இடமே இல்லைன்னு நெனைக்கவன். தாலி கட்டுததுக்கு எது நல்லதோ அதுதான் யானைக்கும் நல்லதும்பான். நாங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டுவோம்.

இப்ப யானை கதைக்கு வாரேன். புளியறைக்கு மேற்க மலையடிவாரத்துல தென்னந்தோப்புக. அதைத் தாண்டி ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு, நமக்கு அனுமதி கெடயாது. இந்தப் பக்கம் ஒரு மேடு இருக்கு. அங்கன நின்னா எதுத்தாப்புல ஒரு மொட்டைப் பாறை தெரியும், எழுநூறு எண்ணூறு மீட்டர் தள்ளி. தோப்புக்கு எறங்குன யானை காட்டுக்குத் திரும்பணும்னா அந்தப் பாறையைக் கடந்துதான் ஏறணும்.

மூணு வருசத்துக்கு முன்ன என் பழைய கேமராவுல நானூறு எம்.எம். லென்சைப் போட்டு அந்த மேட்டுல இருந்து ஒரு கொம்பன் யானையை எடுத்தேன். வீட்டுல கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தா, வலது காதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டை வழியா பின்னால உள்ள பாறை தெரியுது. கடுக்கன் போடுததுக்குக் காது குத்தின மாதிரி இருந்துது. 'கடுக்கன்'னு பேரு வச்சு குரூப்புல போட்டேன். அந்தப் படம் செங்கோட்டை, புளியறை, கடையநல்லூருன்னு போன் போனா சுத்துச்சு. அவன் யாரு சோலிக்கும் போனது கெடயாது. மூங்கிலைத் தின்னுட்டு, ஓடையில தண்ணி குடிச்சிட்டுக் கெடந்தான். எங்க மலையில பேருள்ள யானை அவன் ஒருத்தன்தான். அதுதான் பெறவு அவனுக்கு எமனாச்சு.

போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை செந்தில்வேல் என் கேமராவைத் தூக்கிப் பாத்துட்டு, "என்ன அண்ணாச்சி, பட்டாளத்துல இருந்தவரு, இன்னும் அரை டவுசர் மாதிரி இந்த அரை சென்சாரை வச்சிக்கிட்டு அலையுதீங்க?"ன்னான். சென்சார்னா ஒண்ணுமில்ல, அந்தக் காலத்துல பிலிம் இருந்த எடத்துல இப்ப இருக்க சில்லு. என்னோடது சின்னது. அவனோடது ஃபுல் ஃபிரேம், பெருசு. எல்லாவனும் சிரிச்சான். சிரிக்கட்டும்னு விடுததுக்கு எனக்கு எங்க புத்தி? மறுமாசமே அவன் கைகாட்டுன ஃபுல் ஃபிரேமை வாங்கிட்டேன். மண்டபத்துல லைட்டு கம்மியா இருந்தாலும் வீடியோ பளிச்சுன்னு வருமாம். யானைக்கு எவன் மண்டபத்துல ரிசப்ஷன் வைக்கான்னு நான் கேக்கல பாத்துக்கிடும்.

பழைய கேமராவை நஸீபா டீச்சருக்கு வித்தேன். தென்காசியில அறிவியல் டீச்சர், குளத்துப் பறவைகளை எடுக்கவுக. எங்க குரூப்புல சேராத புத்திசாலி. வாங்கும்போதே கேட்டாவ: "அண்ணாச்சி, உங்க யானை தூரத்துலல்லா நிக்குது? இதை ஏன் குடுக்கீங்க? லென்ஸும் பெருசா வாங்கியிருக்கீங்களா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், ஃபுல் ஃபிரேம்னா ஃபுல் ஃபிரேம்தான்"னேன். ஒரு அர்த்தமும் இல்லாத பேச்சு. அவுக காசை எண்ணிக் குடுத்துட்டுக் கேமராவை வாங்கிக்கிட்டாவ.

புதுக் கேமராவை இலஞ்சி கோயிலுக்குக் கொண்டு போயி, சந்தனம் குங்குமம் வச்சு, ஸ்டாண்டுக்கு அடியில எலுமிச்சம்பழமும் வச்சு பூசை போட்டோம். எங்க குரூப்புல அது வழக்கம். புதுசு எது வந்தாலும் பூசை உண்டு, போளி உண்டு, ஒரு குரூப் போட்டோ உண்டு. அந்தக் கேமராவுல எத்தனை புள்ளி, அதான் பிக்சல், இருக்குன்னு மட்டும் எவனும் பாக்க மாட்டான்.

மறுநாளே மேட்டுக்குப் போயி அதே லென்சைப் போட்டு அதே பாறையில நின்ன யானையை எடுத்தேன். வீட்டுக்காரி நிர்மலாதேவி எட்டிப் பாத்துட்டு, "முன்னால யானை எடுத்திய, இப்ப எறும்பால்ல எடுத்திருக்கிய?"ன்னா. நான் கொஞ்சமாவது ரோசம் உள்ளவன்னா அன்னைக்கே முழிச்சிருக்கணும். "பெருசாக்குனா சரியாயிரும், நீ போ"ன்னு வெரட்டி விட்டேன். பெருசாக்குனேன். யானை பெருசாகல, கட்டங் கட்டமா ஒடஞ்சு சாம்பல் கலர்ல ஒரு கரைசல்தான் வந்துது.

விசயம் இதுதான். லென்ஸ் ஒரு தோசைதான் ஊத்துது. அந்தத் தோசையைச் சின்னத் தட்டுல போட்டா தட்டு நெறஞ்சாப்புல தெரியும். பெரிய தட்டுல போட்டா சுத்தி எடம் கெடக்கும். தோசை அதே அளவுதான். அதனால சின்ன சென்சார் யானையை இழுத்துக்கிட்டு வந்து தருதுன்னு சொல்லுதவனும் புளுகுதான். கணக்கு வேற எடத்துல இருக்கு. தோசைக்கு அடியில எத்தனை புள்ளி மாட்டுதுங்கதுதான் கணக்கு. என் பழைய சின்ன சில்லுல ரெண்டு கோடியே நாப்பது லட்சம் புள்ளி, நெருக்கி நெருக்கி. இந்த மண்டபத்து மகாராசாவுல பெரிய தட்டு பூராவும் பரப்பி ஒரு கோடியே இருவது லட்சந்தான். யானை விழுத எடத்துல முன்னால நாலஞ்சு புள்ளி நின்ன எடத்துல இப்ப ஒரு புள்ளி நிக்குது. ஃபுல் ஃபிரேம்லயும் நெருக்கமா புள்ளி வச்ச கேமரா உண்டு, அதை வாங்கியிருந்தா இந்தக் கதையே இல்ல. நான் பேரைப் பாத்து வாங்குனவன். இது அத்தனையும் வாங்கின பெறவு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் மூச்சு விடல. பூசை போட்டு போளி குடுத்தவன் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வெளியில சொல்லுவான்?

இந்த வருசம் ஆனி மாசம் வந்தது வெனை. ஒரு யானை தோப்புக்குள்ள எறங்கி தென்னையை முறிக்க ஆரம்பிச்சுது. பத்து நாள்ல நாப்பது மரம், ரெண்டு மோட்டார் ரூம். ஒரு காவக்காரரைத் தொரத்துனதுல அவரு கால் ஒடஞ்சு கெடந்தாரு. தோப்புக்காரங்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்? அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இருட்டுல வந்துட்டுப் போற யானை எதுன்னு ஒருத்தனும் பாக்கல. பாக்காமலே "கடுக்கன்தான்"னுட்டானுவ. ஏன்னா அவனுவளுக்குத் தெரிஞ்ச யானைப் பேரு அது ஒண்ணுதான்.

கடுக்கனைப் பிடிச்சு வேற மலையில கொண்டு விடுததுக்கு வனத்துறை மேலிடத்து உத்தரவும் வந்துட்டு. கும்கி ரெண்டு வந்து நிக்குது. சுடலைமுத்துன்னு ஒரு வாட்சர், தெனமும் காட்டுக்குள்ள நடக்கவரு, அவரு ஒருத்தர்தான் சொன்னாரு: "கடுக்கன் மேல மூங்கில் சரிவை விட்டு எறங்கவே இல்ல சார். தோப்புக்கு வாறது வேற ஒரு கொம்பன். அதுக்குக் காது ரெண்டும் முழுசா இருக்கு." கண்ணால பாத்தவன் சொல்லுதான். ஒருத்தன் காதுலயும் ஏறல. போட்டோ இருக்கான்னு கேட்டானுவ. அவருகிட்ட இருந்தது பட்டன் போனு.

ரேஞ்சர் நிதானமான மனுசன். என்னைக் கூப்பிட்டு, "சார், தோப்புல இருந்து விடியக்காலம் பாறை ஏறுத யானையோட வலது காதை எடுத்துக் குடுங்க. ஓட்டை இருந்தா கடுக்கன், இல்லைன்னா நிறுத்திருதேன்"னாரு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்லணும்? ஒரு காது, அதுல ஒரு ஓட்டை, இருக்கா இல்லையா. கடுக்கன் பிறந்த மலையில இருப்பானா போவானாங்கது அதுல தொங்குச்சு. அந்தச் சமயத்துல என் கழுத்துல தொங்குனது கல்யாண கேமரா.

செவ்வாக்கிழமை காலையில ஆறரைக்கு யானை பாறை ஏறுச்சு. வலது பக்கத்தை நல்லாக் காட்டிக்கிட்டு நின்னுது. முப்பது படம் எடுத்தேன். கம்ப்யூட்டர்ல பாத்தா காதுல ஒரு மங்கல். ஓட்டையாவும் இருக்கலாம், காது மடிப்போட நிழலாவும் இருக்கலாம், சேறாவும் இருக்கலாம். மொத்தத்துல நாலஞ்சு புள்ளி. நாலு புள்ளியை வச்சு எவன் என்ன சொல்ல முடியும்? 'தெரியல'ன்னு ரேஞ்சர்கிட்ட சொல்லியிருக்கணும். அந்த ஒத்தை வார்த்தை என் வாயில வரல. படத்தை குரூப்புல போட்டு, "சரியாத் தெரியலையோ?"ன்னு ஒரு இழுவை இழுத்து வச்சேன்.

சாயங்காலம் செந்தில்வேல் அதே படத்தைத் திருப்பிப் போட்டான். "அண்ணாச்சி, ஏஐயில குடுத்துத் தெளிவாக்கிட்டேன்." அவன் கல்யாணப் பொண்ணு மூஞ்சியில பருவை எடுக்குத சாப்ட்வேர். அதுக்கு யானை தெரியுமா, காடு தெரியுமா? மங்கலைப் பாத்துச்சு, இது ஓட்டையாத்தான் இருக்கும்னு அதுவே நெனச்சு, ஒரு ஓட்டை வரஞ்சு வச்சிருந்துது. என்னா அழகு! காம்பஸ் வச்சுப் போட்ட வட்டம். காது நரம்பு ஒண்ணொண்ணும் எண்ணலாம். தோல் சுருக்கம் எண்ணலாம். கீழ மூலையில 'படம்: இசக்கிதுரை'ன்னு என் பேரு.

இந்த எடத்துலதான் நான் என்னைச் செருப்பால அடிக்கணும். அது என் கேமராவுல வந்த காது இல்லைன்னு பாத்த உடனே எனக்குத் தெரியும். ஆனா எழுவது பேரு கை தட்டியிருந்தான். 'ஃபுல் ஃபிரேம்னா சும்மாவா'ன்னு ஒருத்தன். 'அண்ணாச்சி மாஸ்'னு ஒருத்தன். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது. ரெண்டு கையையும் கூப்புத படம் ஒண்ணைப் போட்டு 'நன்றி'ன்னு போட்டேன். போட்டுட்டு நிம்மதியா தோசை தின்னேன்.

மறுநாக் காலையில சுடலைமுத்து வீட்டு வாசல்ல வந்து நிக்காரு. உள்ள வாரும்னா வரல. "சார், ஆபீசுல எல்லாரு போன்லயும் அந்தக் காதுப் படந்தான் ஓடுது. நீங்களா சார் அதைப் போட்டது? நான் நேத்து மத்தியானம் கடுக்கனைச் சரிவுல பாத்துட்டு வாரேன். நீங்கதானே சார் அவனுக்குப் பேரு வச்சிய?"ன்னாரு. அவ்வளவுதான். ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தானிக்கு, நின்ன நெலையில, வண்டியை எடுத்துக்கிட்டு ரேஞ்சர்கிட்ட ஓடுனேன்.

"சார், அந்த ஓட்டை மெசினு வரஞ்சது. நெசப் படத்துல ஒண்ணும் தெரியாது"ன்னேன். அவரு போனை எடுத்து என் முன்னால நீட்டுனாரு. "கீழ நன்றின்னு போட்டிருக்கது நீங்கதானே?" "ஆமா சார்"னேன். அவரு போனைப் பையில போட்டுட்டு, "சரி, வேற படம் கொண்டாங்க. சனிக்கிழமை காலையில எறங்குதோம். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது"ன்னாரு.

நேரா நஸீபா டீச்சர் வீட்டுக்குப் போனேன். வித்த கேமராவை எரவல் கேக்கப் போறவன் நெலமையை நெனச்சுப் பாரும். டீச்சர் அலமாரியைத் தொறந்து கேமராவை எடுத்தாவ. "லென்ஸ் உங்களோடது, கேமரா என்னோடது. நானும் வாரேன், நானே எடுக்கேன்"னாவ. ஒட்டி நின்னு பாக்க மட்டும் எனக்கு உரிமை. அதுவே பெருசு.

வியாழக்கிழமை போனோம், சாரல். பாறையும் இல்ல, மலையும் இல்ல, வெள்ளைத் திரை போட்ட மாதிரி மூடிக் கெடக்கு. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஊரெல்லாம் இந்தச் சாரலுக்காகத்தான் காரு காரா குத்தாலத்துக்கு வருதான், எண்ணெய் தேச்சுக்கிட்டு அருவிக்கு அடியில நிக்கான். நான் குடைக்கு அடியில நின்னு சாரலை ஏசிக்கிட்டிருந்தேன். டீச்சர் துணியால லென்சைத் தொடைக்கதும் பாறையைப் பாக்கதுமா இருந்தாவ. "ரெண்டு மூணு நாளைக்கு முன்ன வந்திருந்தா வெயில் இருந்துதே அண்ணாச்சி"ன்னாவ. செவ்வாக்கிழமை வெயில் அடிச்சுது. அன்னைக்கு இந்தக் கேமரா அவுக அலமாரியில இருந்துது.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்குத் திரை வெலகுச்சு. கழுவி வச்ச மாதிரி பாறை. அன்னா, தோப்புப் பக்கமிருந்து ஏறி வாரான் கொம்பன். தும்பிக்கையில ஒரு தென்னங்குருத்து. பாறை நடுவுல நின்னு வலது காதை ஒரு விசிறு விசிறுனான். டீச்சர் மூச்சைப் பிடிச்சு எடுத்தாவ. கேமரா முதுகுல உள்ள சின்னத் திரையில பெருசாக்கிக் காட்டுனாவ. காது முழுசு. வாழையெல மாதிரி ஒரு கிழிசல் இல்ல, ஒரு ஓட்டை இல்ல. அதே லென்ஸ், அதே மேடு, அதே தூரம். ஓரத்துல ஒட்டியிருந்த சேறுகூடத் தனியாத் தெரிஞ்சுது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துட்டு. "டீச்சர், வெரசா வாங்க"ன்னு வண்டியை முறுக்குனேன். ரேஞ்சருக்குப் போன் அடிச்சா டவர் இல்ல.

ஆபீசுக்கும் செக்போஸ்ட்டுக்குமா அவரைத் தேடி அலைஞ்சு, பதினோரு மணி வாக்குல புளியறை ரோட்டுக்கு வந்தா கூட்டம். கேரளாவுக்குப் போற லாரி எல்லாம் வரிசையா நிக்குது. நடுவுல ஒரு பெரிய லாரி, அதுல தடிமரத்துல அடிச்ச கூண்டு, கூண்டுக்குள்ள யானை. மழை விட்ட உடனே மேல மூங்கில் சரிவுக்குப் போயிருக்காங்க. கடுக்கன் ஓடல. அவன் எதுக்கு ஓடணும்? அவன் எந்தத் தப்பும் செய்யலையே. மருந்தூசி பட்டதும் அப்படியே நின்னுட்டானாம். கும்கி ரெண்டும் முட்டித் தள்ளி லாரியில ஏத்தியாச்சு. கயிறை இறுக்குததுக்காக அங்கன நிறுத்தியிருந்தாங்க.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ரேஞ்சர்கிட்டப் போயி கேமராவைக் காட்டுனேன். பாத்தாரு. டீச்சர் பெருசாக்கிக் காட்டுனாவ, மறுபடியும் பாத்தாரு. லாரியைப் பாத்தாரு. "மயக்கத்துல இருக்கு சார். இந்தக் கூட்டத்துல நடு ரோட்டுல எறக்க முடியாது. உத்தரவு இவன் பேருலதான் இருக்கு"ன்னாரு. அப்புறம், "செவ்வாக்கிழமை இதைக் குடுத்திருக்கக் கூடாதா?"ன்னாரு. கோவமாச் சொல்லல, அதான் பொறுக்க முடியல.

கூண்டுல அவனோட வலது பக்கம் எங்க பக்கமா இருந்துது. பத்தடி தூரம். காது தொங்கிக் கெடக்கு. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியா பின்னால நின்ன கொடுக்காப்புளி மரம் தெரிஞ்சுது. லென்ஸும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், எந்தக் கபோதிக்கும் தெரியும். ஃபிரேம் நெறைய ஒரு யானை வேணும்னுதானே நான் அந்த எளவெடுத்த கேமராவை வாங்குனேன்? இன்னா நிக்குது, ஃபிரேம் நெறைய. அவன் கண்ணு பாதி மூடியிருந்துது, ஓரத்துல தண்ணி வடிஞ்சுது. சுடலைமுத்து கூண்டு மரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு, என் பக்கம் திரும்பவே இல்ல. சுத்தி நூறு போன் மேல தூக்கி நிக்கு. "எடுக்கலையா அண்ணாச்சி?"ன்னு செந்தில்வேல் கேட்டான். வாயில கெட்ட வார்த்தை வந்துது, டீச்சர் நிக்காவளேன்னு முழுங்கிட்டேன். லாரி கெளம்பிப் போச்சு.

ஞாயித்துக்கிழமை விடியும்போது தோப்புல ஒம்பது மரம் முறிஞ்சு கெடந்துது. குரூப்புல "கடுக்கன் போயிட்டானே, இது யாருவே?"ன்னு ஆளாளுக்குக் கேள்வி. நான் டீச்சர் எடுத்த படத்தைப் போட்டேன். டீச்சர் பேரையும் போட்டேன். "செவ்வாக்கிழமை என் படத்துல இருந்த ஓட்டை பொய். அது பொய்னு தெரிஞ்சுதான் நன்றி போட்டேன்"னும் எழுதுனேன். ஒருத்தனும் கை தட்டல. பத்து நிமிசம் கழிச்சு செந்தில்வேல் கிட்ட இருந்து ஒண்ணு வந்துது.

"செம கிளியர் அண்ணாச்சி. இவனுக்கு என்ன பேரு வைப்போம்?"

'பேரு வேண்டாம்வே'ன்னு அடிக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள நாலு பேரு நாலு பேரு சொல்லியிருந்தான்.